பிப்ரவரியில் பழனிமலை: அடிவாரத்திலிருந்து சோலை வரை

முதல் நாள் – கும்பக்கரை

பழனிமலையைப் பெரும்பாலோர் மேலிருந்துதான் பார்க்கிறோம். பேருந்து நேராகக் கொடைக்கானலில் கொண்டுபோய் விட்டுவிடும். நடுவில் இருக்கும் மலை முழுவதும் சன்னல் வழியாக ஓடி மறைந்துவிடும். எனக்கு இந்தத் தடவை அந்த நடு மலைதான் வேண்டியிருந்தது. பெரியகுளத்தை ஒட்டிய கும்பக்கரை கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரம். அங்கே கிளம்பி வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக ஏறினால் வட்டக்கானல், அதாவது 2,000 மீட்டரை ஒட்டிய சோலைக்காடு, உயர்மலையின் குளிர்ந்த குட்டை மரக்காடு. ஒரே பாதையில் முள்காடு, இலையுதிர் காடு, காப்பித் தோட்டம், சோலை என்று எல்லாம் வந்துவிடும். பிப்ரவரி முதல் வாரத்தில் இந்த ஒவ்வோர் அடுக்கிலும் வேறு வேறு பருவம் நடந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கத்தான் இந்த நடை.

தேதியைத் தள்ளிப்போட முடியாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2018 மார்ச்சில் இதே தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்துபோனார்கள். அதற்கப்புறம், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையிலான தீக்காலத்தில் மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி தருவதில்லை. அடிவாரப் புல்லைத் தொட்டுப் பார்த்தாலே அதன் நியாயம் புரிகிறது. கையில் நொறுங்குகிறது. அனுமதிச் சீட்டும், வெள்ளகவிப் பக்கத்து வழிகாட்டி அண்ணன் ஒருவரும் கிடைத்தார்கள். நாளைக்குத்தான் ஏற்றம். இன்றைக்கு முழுக்க அடிவாரம்.

அடிவாரத்தில் இப்போது கோங்கு பூத்திருக்கிறது. இலை ஒன்றுகூட இல்லை. சாம்பல் நிறக் கிளைகளின் நுனியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூக்கள். பாறை நடுவே தாழ்வாக வளைந்த ஒரு மரம் கிடைத்ததால் பூவை முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்க முடிந்தது. ஐந்து இதழ், நடுவில் அடர்த்தியாகக் கேசரங்கள். இந்தப் பூவில் தேன் கிடையாது. வருகிற வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டும்தான், அதுவும் சும்மா கிடைக்காது. கேசரங்களின் நுனியில் சின்னத் துளை வழியாகத்தான் அது வெளியே வரும். பளபளக்கும் கருவண்டு ஒன்று வந்து கேசரக்கற்றையைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. இறக்கையை மடக்கிக்கொண்டு உடம்பை மட்டும் அதிரவிட்டது. பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிட அந்தச் சத்தம் ஒரு சுருதி மேலே இருந்தது. அதிர்வில் மகரந்தம் பொடியாகக் கொட்டி வண்டின் கருப்பு வயிறு மஞ்சளாகிவிட்டது. இரண்டு மூன்று வினாடிதான், அடுத்த பூவுக்குப் போய்விட்டது. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்து இதை மட்டும் பார்த்தேன்.

முள்ளிலவு மரத்தடியில் நிலைமை நேர்மாறு. அந்தச் சிவப்புப் பூவில் தேன் ததும்பும், யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று மரத்தையே எடுத்துக்கொண்டிருந்தது. மைனாக்களும் கரிச்சான்களும் ஓரமாக நின்று இடம் பிடிக்கப் பார்த்தன. மத்திய ஆசியப் புல்வெளியில் வெட்டுக்கிளி தின்று குஞ்சு பொரிக்கும் பறவை இந்தச் சூறைக்குருவி. அங்கே கோடை முடிந்ததும் நம் பக்கம் வந்துவிடும். ஏப்ரலில் கிளம்புவதற்குள் இலவு, புரசு, கல்யாண முருங்கை எல்லாவற்றின் தேனையும் ஒரு கை பார்த்துவிடும்.

சாயங்காலம் ஓடைப் புதரிலிருந்து ஆறுமணிக்குருவி கூப்பிட்டது. தெளிவான இரட்டை விசில். ஒன்று கூப்பிட, ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று பதில் சொன்னது. இதுவும் விருந்தாளிதான். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிவிட்டு, குளிருக்கு இங்கே வருகிறது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று அத்தனை நிறம் இருந்தும் சருகில் இறங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. காலையிலும் மாலையிலும் கூப்பிடும் அந்த நேரத்தைப் பிடித்தால்தான் உண்டு. நன்றாக இருட்டியபின் பாதையில் பக்கி என்னும் இரவுப் பறவை ஒன்று தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. டார்ச் வெளிச்சம் பட்டதும் கண் மட்டும் தணல்போல் மின்னியது.

இரண்டாம் நாள் – ஏற்றம்

விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். முதல் பகுதி வெயிலுக்குத் திறந்த இலையுதிர் காடு. வெக்காலி, கடுக்காய், நெல்லி, இடையிடையே வேங்கை. காலடியில் சருகு நொறுங்கும் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. அதனால் சிறிது தூரம் நடப்பதும் நின்று கேட்பதுமாகப் போனோம். இந்தக் காட்டில் காதுதான் முதல் கருவி, தொலைநோக்கி அதற்கப்புறம்தான்.

பாதையோரம் கரடியின் எச்சம் கிடந்தது. இலந்தைக் கொட்டைகள் முழுசு முழுசாக. அண்ணன் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, “நேத்து ராத்திரி போனது தம்பி. இலந்தை இருக்கிறவரைக்கும் இந்தச் சரிவுலதான் சுத்தும். நீங்க என் முன்னாடி போயிடாதீங்க,” என்றார். அதன்பின் அவர் பின்னாலேயே நடந்தேன்.

ஒன்பது மணி வாக்கில் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த அரை மணி நேரம் வாய்த்தது. ஒரு வளைவில் காடு முழுக்க அமைதி. திடீரென்று தலைக்கு மேலே எல்லாப் பக்கமும் அசைவு. துடுப்புவால் கரிச்சான் முதலில் வந்தது, வாலின் இரண்டு துடுப்பும் தனித்தனிப் பூச்சிகள்போல் பின்னால் பறந்து வந்தன. அதன் பின்னே மின்சிட்டுகள், ஆண் சிவப்பு, பெண் மஞ்சள். மரத்தண்டில் பொன்முதுகு மரங்கொத்தி. பச்சைச்சிட்டு, பட்டாணிக்குருவி. பல இனமும் கலந்து ஒரே கூட்டமாக இரை தேடிப் போகும் குளிர்காலப் பழக்கம் இது. ஒருவர் கிளப்பிவிடும் பூச்சி இன்னொருவர் வாயில் விழும். வல்லூறு வந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். கரிச்சான் காவல்காரன் வேலையும் பார்க்கும், அவ்வப்போது அடுத்தவர் பிடித்த பூச்சியைத் தட்டிப் பறிக்கவும் செய்யும்.

அந்தக் கூட்டத்தில் பலரும் கண்டுகொள்ளாத ஒன்று இருந்தது. பச்சைக் கதிர்க்குருவி. மேலே மங்கிய பச்சை, கீழே அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேல் வெளிர் புருவம், இறக்கையில் மெல்லிய ஒற்றைக்கோடு. அவ்வளவுதான். படம் எடுத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எடை பத்து கிராம்கூட இல்லை. இமயமலையிலும் அதைத் தாண்டிய வடக்குக் காடுகளிலும் பிறந்துவிட்டு, செப்டம்பர் அக்டோபரில் இந்தச் சரிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இலைக்கு அடியில் எட்டிப் பார்க்கும், ஒரு புழுவைக் கொத்தும், இறக்கையைச் சொடுக்கும், “ட்ஸ்லி” என்று ஒரு கூப்பாடு போடும், அடுத்த இலைக்குப் போகும். பகல் முழுக்க இதே வேலை.

கூட்டம் நகர்ந்து போனபோது கதிர்க்குருவி கூடவே போகவில்லை. ஒரு மரம் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டது. அதற்கென்று இங்கே எல்லை உண்டு. குளிர்காலம் முழுவதும் தன் சில மரங்களைக் காவல் காக்கும். இன்னொரு கதிர்க்குருவி உள்ளே வந்தால் துரத்தும். அந்த “ட்ஸ்லி” பெரும்பாலும் ‘இது என் இடம்’ என்ற அறிவிப்புதான். ஆண்டின் பாதிக்கு மேல் எல்லை போட்டு வாழும் ஊர் இதுதான் என்றால், இதை வடக்கத்திப் பறவை என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. பழனிமலையின் பூச்சிகளைத் தின்று பழனிமலை மரங்களைக் காக்கிற பறவை இது. சரிவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் வீடும் போகும்.

மேலே போகப் போக நான் கவனித்துக்கொண்டே வந்தது குக்குறுவான்களை. அடிவாரத்தில் செம்மார்புக் குக்குறுவான், பாத்திரம் தட்டுகிற அதே “டொங்க், டொங்க்”. பாதி மலை ஏறுவதற்குள் அது நின்றுபோய், வெண்கன்னக் குக்குறுவானின் “குட்ரூ, குட்ரூ” தொடங்கிவிட்டது. உயரம் அளக்கும் கருவி கையில் இல்லாவிட்டால்கூட காட்டின் அடுக்கு மாறியது காதுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் – வெள்ளகவி

நேற்று இருட்டுவதற்குள் வெள்ளகவி வந்துவிட்டோம். இன்று ஊரைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களில்தான் முழு நாளும்.

காப்பிப் பழம் பறித்து முடியும் சமயம் இது. ஆனால் கிளைகளின் கணுக்களைக் கூர்ந்து பார்த்தால் அடுத்த ஆண்டுக்கான மொட்டு ஏற்கெனவே இருக்கிறது. பச்சையாக, அரிசி அளவுக்கு, கொத்துக் கொத்தாக. இந்த மொட்டுகள் வளராமல் அப்படியே உறங்கும். வறட்சி நீண்டு, பிறகு ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். மழை பெய்த பத்து நாளுக்குள் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி மணந்து, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். கொஞ்சமாகத் தூறிவிட்டு ஏமாற்றினால் மொட்டு பாதியில் கெட்டுப்போகும். அண்ணனிடம் கேட்டேன், இந்தத் தடவை எப்படி என்று. “மார்ச்ல ஒரு மழை நின்னு பெய்யணும் தம்பி. அது போதும்,” என்றார். வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது.

மிளகுக்கொடி படரவிட்ட கல்யாண முருங்கை மரங்கள் சிவந்து கிடக்கின்றன. தேன்சிட்டு, கரிச்சான், மைனா, பச்சைச்சிட்டு எல்லாருக்கும் அங்கேதான் வேலை. மலையணில் ஒன்று பூங்கொத்தைப் பிடித்திழுத்து அப்படியே தின்றது. அரக்குச் சிவப்பும் கருப்புமாக, வால் மட்டுமே உடம்பைவிட நீளம். எங்களைப் பார்த்ததும் ஒரு கிளையில் வயிறு ஒட்டப் படுத்துக்கொண்டு வாலைத் தொங்கவிட்டது. கருங்கழுகு பயம் அதற்கு எப்போதும் உண்டு.

நிழலில் நடக்கும் காட்டு வாலாட்டியை இங்கேதான் பார்த்தேன். வெள்ளை மார்பில் இரண்டு கருப்புப் பட்டை. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாக ஆட்டும். இது மட்டும் பின்னுடம்பையே பக்கவாட்டில் அசைக்கும். ஓடையோரம் சாம்பல் வாலாட்டி வழக்கம்போல் மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. சில அடி தூரத்தில் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது நல்ல யோகம். முன்னது கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்தும், பின்னது இமயமலை ஓடைகளிலிருந்தும் வருபவை. இரண்டும் வாடகைக்கு எடுத்திருப்பது ஒரே சரிவை, ஆனால் ஒன்று சருகை, இன்னொன்று ஈரப்பாறையை.

தோட்டத்தின் நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. பலா, அத்தி, நாவல், ஈட்டி என்று காட்டு மரங்களை நிழலுக்கு விட்டிருக்கும் தோட்டத்தில் நின்றால் கதிர்க்குருவி கூப்பாடு நாலு பக்கமும் கேட்கிறது. பக்கத்திலேயே சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நட்ட தோட்டம். அங்கே அரை மணி நேரம் நின்றேன். ஒரு சாம்பல் கரிச்சான், அப்புறம் தூரத்தில் ஒரு மைனா. சில்வர் ஓக் சீக்கிரம் வளரும், நேராக வளரும், மிளகு ஏற வசதி, வெட்டி விற்கலாம். விவசாயியின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் காட்டு மரத்தை விட்டுவைத்திருப்பவரின் காப்பிக்கு ஒரு மதிப்புக் கூட்டித் தருவதுதான் நியாயம். குளிர்கால விருந்தாளிகளில் பாதிப்பேரைத் தாங்குவது அவர் தோட்டம்.

மத்தியானம் ஓடைச் சரிவின் இருட்டில் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் ஒன்று ஒரே குச்சியில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தது. அசைவே இல்லை. பெரிய கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம்.

நான்காம் நாள் – வட்டக்கானலுக்கு

செங்குத்து ஏற்றம். காலையிலேயே மூடுபனி இறங்கிவிட்டதால் எழுத அதிகம் இல்லை. ஒரு பாறை முகப்பில் பனி விலகிய சில நிமிடங்களில் கருங்கழுகு மரமுகடுகளை உரசுகிற மாதிரி மிக மெதுவாக வட்டமிட்டது. இறக்கை நுனிகள் விரித்த விரல்கள்போல் மேல்நோக்கி வளைந்திருந்தன. பிற பறவைகளின் கூட்டை முட்டை குஞ்சுகளோடு தூக்கிப்போவது இதன் வழக்கம். அப்படி மெதுவாகப் பறந்தால்தான் கூடு கண்ணில் படும்.

வட்டக்கானல் நெருங்கும்போது பாதையில் காட்டுமாட்டுக் கூட்டம். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும், தெரியும்தானே. பெரிய ஆண் ஒன்று குறுக்கே நின்றது. அண்ணன் கையால் மட்டும் சைகை காட்டினார். பின்வாங்கி, மேட்டில் ஏறிக் காத்திருந்தோம். கூட்டம் அதன் போக்கில் கடந்து போனபின் இறங்கினோம்.

ஐந்தாம் நாள் – பாம்பார் சோலை

கும்பக்கரையில் விழுகிற பாம்பாறு இந்தச் சோலையிலிருந்துதான் கீழே இறங்குகிறது. இவ்வளவு நாளும் ஏறி வந்த சரிவுக்குத் தண்ணீர் தருவது இந்தக் காடு. கையடக்கமான காடுதான். மரங்கள் குட்டை, கிளைகள் முறுக்கியவை, பட்டை தெரியாதபடி பாசி. மரப்பெரணிகள் ஓடையின் மேல் கவிந்திருக்கின்றன. மரங்கள் தளிர்விடும் சமயம் இது. தளிர் பச்சையாக வராது. செம்பு நிறத்திலும் ரத்தச் சிவப்பிலும் வரும். எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தால் சோலை பூத்திருக்கிறதா, தளிர்த்திருக்கிறதா என்று சொல்ல முடியாது.

நிஜமாகவே பூத்திருந்தது ரோடோடென்ட்ரான். புல்வெளி ஓரத்தில் கரடுமுரடான பட்டையோடு, கருஞ்சிவப்புப் பூக்கொத்துகளோடு நிற்கிறது. இதே இனத்தின் சொந்தங்கள் இருப்பது இமயமலையில். நடுவில் ஈராயிரம் கிலோமீட்டர் சமவெளியில் ஒன்றுகூடக் கிடையாது. குளிர்ந்த பழைய காலங்களில் பரவி, வெப்பம் கூடியபோது உயரமான மலைகளில் மட்டும் மிஞ்சியவை என்பது அறிஞர்களின் விளக்கம். அந்த மரத்தின் கிளையில் ஒரு கதிர்க்குருவி. கீழே பார்த்த பச்சைக் கதிர்க்குருவி இல்லை. இறக்கையில் கோடு கிடையாது, அலகு மெலிந்து நீண்டது. டைட்லர் கதிர்க்குருவி. மேற்கு இமயத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இந்த மாதிரி உயர்மலைகளில் குளிர்காலத்தைக் கழிப்பது. இமயமலை மரம் இங்கேயே தங்கிவிட்டது. இமயமலைக் குருவி ஆண்டுதோறும் வந்து அதில் உட்கார்கிறது. இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் எனக்கு வேறெதிலும் மனம் போகவில்லை.

இனி நிலையான குடியிருப்பாளர்கள். பழனிச் சிரிப்பான் கூட்டம் ஒன்று ராஸ்பெர்ரிப் புதரில் கலகலத்தது. சாம்பல் மார்பு, வெள்ளைப் புருவம், துருவயிறு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இதற்குப் பதிலாக நீலகிரிச் சிரிப்பான். அதற்கு மார்பிலிருந்து வயிறு வரை செம்பழுப்பு. சோலையின் தரையில் திரியும் நீலக்குருவிக்கும் இதே கதைதான். இங்கே வயிறு வெள்ளை, நீலகிரியில் பக்கங்கள் செம்பழுப்பு. கணவாயின் அகலம் முப்பது நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும். இமயமலையைத் தாண்டிய வடக்கிலிருந்து குருவிகள் இறக்கை அடித்து வந்துசேரும் இதே மலையில், அந்த நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாமல் இரண்டு இனங்களாகவே பிரிந்துபோன குருவிகளும் இருக்கின்றன. குளிர்ந்த சோலையை விட்டு வெப்பமான தாழ்நிலத்தில் இறங்க அவற்றால் முடியாது. அதனால்தான் மேலே சோலை சுருங்கினால் அவை போக வேறு இடம் இல்லை.

புல்லுருவி படர்ந்த ஒரு மரத்தில் பூக்கொத்தியைப் பார்த்தேன். கட்டைவிரல் அளவுப் பறவை. பழத்தை விழுங்கியது, சிறிது நேரத்தில் கிளையில் குறுக்காகத் திரும்பி உட்கார்ந்து பின்புறத்தைத் தேய்த்தது. பிசினோடு விதை கிளையில் ஒட்டிக்கொண்டது. அடுத்த புல்லுருவி அங்கேதான் முளைக்கும். பக்கத்திலேயே பாசிக் கிளையில் ஒரு சலியா ஓணான், முதுகில் முள்வரிசை, பச்சையும் பழுப்புமாகப் பாசி நிறமே. ஆனைமலை, பழனிமலை போன்ற தெற்கத்தி உயரங்களுக்கு மட்டுமே உரியது. குளிரில் அது நகர்ந்த வேகத்துக்கு நான் பொறுமையாக உட்கார வேண்டியிருந்தது.

சோலையைத் தாண்டினால் சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ், பைன். தோல் பதனிட, விறகுக்கு, மரக்கூழுக்கு என்று புல்வெளியில் நட்டவை. 2013-இல் இந்த மலையின் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமானது. வேற்று மரங்களை எல்லாம் வெட்டிவிட வேண்டும் என்ற குரல் அடிக்கடி கேட்கிறது. புல்வெளியில் புதிதாகப் பரவும் சீகைக் கன்றுகளைப் பொறுத்தவரை நானும் அப்படியே சொல்வேன், உடனே பிடுங்க வேண்டும். ஆனால் பழைய பைன் தோப்பு ஒன்றுக்குள் குனிந்து பார்த்தபோது நிழலில் சோலை மரக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. பறவைகள் போட்ட விதைகள். அங்கே இயந்திரத்தை இறக்கினால் போவது பைன் மட்டுமல்ல. ஒவ்வொரு சரிவாக, என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டிய வேலை இது.

மிஞ்சிய புல்வெளித் துண்டில் குறிஞ்சிச் செடிகள் இலையோடு மட்டும் நிற்கின்றன. 2018-இல் பூத்தவை விதை போட்டுச் செத்துப்போயின, இவை அந்த விதையின் பிள்ளைகள். அடுத்த பூப்பு 2030-இல்.

இந்த மாத நடுவில் மலைப்பாதை மூடிவிடும். ஆனால் வட்டக்கானல் சாலையோர மரங்களைப் பார்க்க அனுமதி எதுவும் வேண்டாம். மார்ச் முழுக்க அங்கே கதிர்க்குருவிகள் தின்று தின்று கொழுப்பு ஏற்றிக்கொண்டிருக்கும், பயணத்துக்கு எரிபொருள் அதுதான். ஏப்ரலில் அந்தப் பக்கம் போகிறவர்கள் காலையில் ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் நின்று, “ட்ஸ்லி” கேட்கிறதா என்று பாருங்கள். கேட்ட கடைசித் தேதியைக் குறித்துவைத்து எனக்கும் எழுதுங்கள். அக்டோபரில் முதலில் கேட்ட தேதியையும்.